இந்தப் பக்கத்தைக் காட்டாதே

வெலிபோரைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. அவருக்குக் கோபம் வராது, வந்தாலும் வெளியே தெரியாது. அவர் பங்குக்கும் சேர்த்து நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. செர்பியாவில் லெஸ்கோவாட்ஸ் நகரத்துக்குத் தெற்கே, எல்லைக்குப் போகும் நெடுஞ்சாலையை ஒட்டி வீடு. வாசலில் ஒரு மஞ்சள் வண்டி நிற்கும். வழியில் நின்றுபோன கார்களை முதுகில் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. அதன் இடப்பக்கக் கண்ணாடி ஒரு விபத்தில் உடைந்தபோது நீலக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார், அது இன்றும் அப்படியேதான் இருக்கிறது. முன்பு நெசவாலையில் லாரி ஓட்டினார். ஆலையை மூடியதும் கிடைத்ததையெல்லாம் போட்டு இந்த வண்டியை வாங்கினார்.

ஜூலை மாதம்தான் அவருக்கு அறுவடை. ஜெர்மனியில் வேலை பார்க்கும் துருக்கிக்காரர்கள் குடும்பத்தோடு, கூரையில் மூட்டை கட்டிக்கொண்டு, எங்கள் சாலை வழியாகத்தான் ஊருக்குப் போவார்கள். தூங்காமல் ஓட்டிவருகிற கார்களில் சில எங்கள் வெயிலைத் தாங்காமல் உட்கார்ந்துவிடும். வெலிபோர் போய் இறங்கியதும் எஞ்சினைப் பார்க்க மாட்டார். முதலில் பின்சீட்டுப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுப்பார். துருக்கியில் அவருக்கு இருபது சொல் தெரியும். தண்ணீர், குழந்தை, அம்மா, பயப்படாதே, எல்லாம் சரியாகிவிடும். இருபதும் அந்த மாதிரிச் சொற்கள்தான்.

இரண்டு கோடையாக அவருடைய கைபேசி அடிக்கவில்லை. சாலையில் கார்கள் நின்றுகொண்டுதான் இருந்தன, வேறு யார் யாரோ வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். வ்ரானியே ஊரிலிருந்து ஒருவன் வந்து வண்டியின் டயரைக் காலால் உதைத்துப் பார்த்து விலையும் சொல்லிவிட்டுப் போயிருந்தான். வருகிற ஜூலையும் இப்படியே போனால் ஆகஸ்டில் வண்டி அவனுக்கு. அதற்குப் பிறகு வெலிபோருக்கு வேறு தொழில் இல்லை.

நான் அவரைச் சந்தித்தது ஏப்ரலில், மழையில். நான் நீஷ் நகரத்தில் வேலை செய்கிறேன். என் தொழிலை ஒரு வரியில் சொல்ல வேண்டுமென்றால், தேடுகிறவன் கண்ணில் தேடப்படுகிற வலைத்தளம் படும்படி செய்வது. தோப்லிட்ஸா பக்கத்து மிளகாய்த் தோட்டத்திலிருந்து வந்து எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். பட்டச் சான்றிதழை அம்மா புனிதர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள், எதற்கு முதலில் சிலுவை போடுகிறாள் என்று எனக்கே சந்தேகம். அன்று அப்பாவின் பழைய காரை எடுத்துக்கொண்டு எல்லைப் பக்கம் போய்த் திரும்பும்போது கார் புகைந்து நின்றது. கைபேசியை எடுத்து, எல்லோரும் போலத்தான், ‘கார் இழுக்கும் வண்டி லெஸ்கோவாட்ஸ்’ என்று அடித்தேன். முதலில் வந்த பக்கத்தில் மஞ்சள் வண்டியின் படம். கண்ணாடியில் நீலக் கயிறு. கீழே ஜெர்மனியின் டோர்ட்முண்டிலிருந்து குல்தென் என்ற பெண் எழுதிய நன்றி: ‘என் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் காரைத் தொட்டார்.’ நல்ல மனுஷன் என்று நினைத்து அதிலிருந்த எண்ணைக் கூப்பிட்டேன்.

ஒரு பெண் எடுத்து, “நாப்பது நிமிஷத்துல வந்துரும்” என்றாள்.

ஒன்றரை மணி நேரம் போயிற்று. மழையில் ஒரு வண்டி வேகம் குறைந்து என் முன்னால் நின்றது. மஞ்சள் வண்டி, நீலக் கயிறு. அதிலிருந்து குடையில்லாமல் இறங்கியவர் ஃபிளாஸ்க்கை நீட்டினார்.

“காப்பி குடி தம்பி. வெறைச்சுப் போயிருக்க. யாரையாவது கூப்பிட்டியா?”

“உங்களைத்தானே கூப்பிட்டேன்! ஏன் இவ்வளவு லேட்டு?”

“என்னையா? என்னை யாரும் கூப்பிடலையே. மாவு மில்லுக்குப் போயிட்டு வீட்டுக்குப் போறேன். என் வீடு அந்தா, அந்த வேலிக்கு அந்தப் பக்கம் நாலு கிலோமீட்டர்.”

நான் கைபேசியைக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“வண்டி என்னோடதுதான். அந்தக் குல்தென் அம்மாவும் நம்ம ஆளுதான். நம்பர் என்னோடது இல்லையே.”

அப்போதுதான் சிவப்பு வண்டி ஒன்று நிதானமாக வந்து சேர்ந்தது, அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்து. அதை ஓட்டிவந்தவன், அலுவலகம் ஒன்று கூப்பிட்டு அனுப்பியதாகவும், அந்த அலுவலகத்துக்கு ஒவ்வோர் அழைப்புக்கும் தான் பங்கு கொடுப்பதாகவும் சொன்னான். பாவம், அவனுக்கும் ஒன்றும் தெரியாது. அவனை அனுப்பிவிட்டு வெலிபோரின் வண்டியிலேயே காரை ஏற்றினேன்.

“உங்களுக்குன்னு வெப்சைட் இல்லையா அண்ணே?”

“ஏன் இல்லாம? என் கூம் போட்டுக் குடுத்தான். நீஷ்ல பெரிய ஆபீஸ் வச்சிருக்கான். ராங்கோ.”

கூம் என்றால் எங்கள் ஊரில் கல்யாணத்தில் பக்கத்தில் நிற்கிறவன், பிள்ளைக்கு ஞானஸ்நானம் செய்யும்போது கையில் ஏந்துகிறவன். கூடப்பிறந்தவனோடு சண்டை போடலாம், கூமோடு போட முடியாது. அவன் கொடுத்ததைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதே அவமரியாதை. என் தொழிலில் எத்தனையோ முட்டாள்தனங்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு தொழிலின் சாவியையே கூமிடம் கொடுத்துவிட்டு, பூட்டு வேலை செய்கிறதா என்றுகூடக் கேட்காமல் இருப்பது எங்கள் ஜனங்களுக்கு மட்டுமே வரும்.

“அந்த சைட்டு தேடினா வருதா?”

“வருதே! தினமும் காலைல பார்க்கிறேன்.” ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு மறு கையால் முகவரியை எழுத்தெழுத்தாக அடித்துக் காட்டினார். பக்கம் திறந்தது.

“முழு அட்ரஸை அடிச்சா வராம என்ன செய்யும்? உங்களைத் தெரிஞ்சவன்தான் இதை அடிப்பான். வண்டி நின்னு நடுரோட்டுல முழிக்கிறவனுக்கு உங்க பேரே தெரியாதே! அவன் ‘கார் நின்னுபோச்சு’ன்னு அடிப்பான். அப்ப வரணும்.”

அவர் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு சாலையைப் பார்த்து ஓட்டினார். மழைத் துடைப்பான் கிறீச்சிட்டது.

அவர் வீட்டுச் சமையலறையில் என் கணினியைத் திறந்தேன். அவர் மனைவி ஸ்லாவ்கா அக்கா வறுத்த மிளகாயும் ரொட்டியும் வைத்தார். முதல் பார்வையிலேயே எனக்கு எரிச்சல் வந்தது. பக்கம் முழுக்க ஒரே ஒரு படம். பெயர், ஊர், கைபேசி எண் எல்லாம் அந்தப் படத்துக்குள். கல்யாணப் பத்திரிகையைப் போட்டோ எடுத்து ஒட்டினது போல. மனிதக் கண் அதை வாசிக்கும். தேடுபொறிக்கு அப்படி இல்லை, அது எழுத்தை எழுத்தாகக் கொடுத்தால்தான் சிக்கலில்லாமல் எடுத்துக்கொள்ளும். எண்ணை விரலால் தொட்டால் அழைப்பு போகவில்லை. போதாததற்குப் படம் அவ்வளவு கனம், மலையோரத்தில் திறக்கவே ஒரு நிமிடம் ஆகும். வண்டி நின்றவன் ஒரு நிமிடம் காத்திருப்பானா? சோம்பேறி வேலை, தொழில் தெரியாதவன் வேலை என்று நினைத்தேன்.

பிறகு பக்கத்தின் உள்ளே, பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியைத் திறந்தேன். அங்கே ஒரு வரி இருந்தது. தேடுபொறிக்கு மட்டும் சொல்லப்பட்ட வரி. அதன் பொருள் இவ்வளவுதான்: இந்தப் பக்கத்தை யாருக்கும் காட்டாதே.

அது தவறுதலாக விழக்கூடிய வரிதான். கட்டும்போது போட்டுவிட்டு எடுக்க மறந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்த வரிக்குப் பக்கத்திலேயே அது சேர்க்கப்பட்ட தேதியும் இருந்தது: இரண்டு வருடத்துக்கு முந்தைய ஜூன். தேடினால் மேலே வருகிற, நான் மழையில் பார்த்த அந்தப் பக்கம் தொடங்கியதும் அதே வாரம். இரண்டு வலைத்தளப் பெயரும் யாருக்குச் சொந்தம் என்று பதிவேட்டில் பார்த்தேன், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டுக்கும் ஒரே சொந்தக்காரன். ராங்கோவின் கம்பெனி.

புரிகிறதா? வெலிபோரின் வண்டிப் படம், வெலிபோருக்கு வந்த நன்றிக் கடிதங்கள், எல்லாவற்றையும் தன் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டான். ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இருந்தால் தேடுபொறி ஒன்றைத்தான் முன்னால் வைக்கும். அந்த ஒன்று தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அசல் பக்கத்தின் வாயைக் கட்டிவிட்டான். வருகிற அழைப்பை எவன் பங்கு கொடுக்கிறானோ அவனுக்கு விற்றான். நான் நான்கு வருடம் மிளகாய் மூட்டைக் காசில் இந்தத் தொழிலைப் படித்தது, தேடுகிறவனுக்குச் சரியான ஆளைக் காட்டத்தான். அதே தொழிலை வைத்து ஒருவன் இதைச் செய்கிறான்.

எழுந்து நின்று கத்தினேன். வெலிபோர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

“நீ தப்பாப் பார்த்திருப்ப தம்பி.”

“அண்ணே, எழுதியிருக்கு!”

“கூம் அப்படிச் செய்ய மாட்டான். போன வருஷம்கூடக் கேட்டேன். அல்கோரிதம் மாறுது கூமே, பொறுமையா இருன்னான்.”

“அல்கோரிதம்!” ஸ்லாவ்கா அக்கா தட்டை டங்கென்று வைத்தார். “ரெண்டு வருஷமா நம்ம வீட்டு ஆட்டுக்குட்டியத் தின்னுக்கிட்டு அல்கோரிதம்னான். எனக்கு அப்பவே அந்த வார்த்தை பிடிக்கல.”

வெலிபோர் அவரைப் பார்த்து விரலை உயர்த்தினார். பேச்சு நின்றது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை வரச்சொல்லிக் கூப்பிட்டதும் வெலிபோர்தான். ராங்கோ பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “புதுசா ஒண்ணு போடலாமா?” என்று மட்டும் கேட்டார்.

போட்டோம். புதுப் பெயர், இந்த முறை அவர் பெயரிலேயே பதிவு. என்ன எழுதுவது என்று கேட்டதற்கு, “நவீன வசதிகளுடன் கூடிய வாகன மீட்புச் சேவை” என்று தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

“யாராவது போன் பண்ணி ‘வாகன மீட்புச் சேவை வேணும்’னு கேட்டிருக்காங்களா?”

“எங்க? ‘ஐயா கார் செத்துப்போச்சு, பின்னாடி புள்ளைங்க இருக்கு, எங்க நிக்கிறேன்னு தெரியல, ஒரு பெரிய பாலம் தெரியுது’ம்பாங்க.”

“அதைத்தான் எழுதணும்.”

அப்படியே எழுதினோம். பாலத்தின் பெயர், கிலோமீட்டர் கல் எண்கள், பெட்ரோல் பங்குகள், எந்த இறக்கத்தில் எஞ்சின் சூடாகும், அப்போது மூடியைத் திறக்காதே, பிள்ளைகளைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்து. பக்கத்தின் தலைப்பில் என்ன வேலை, எந்த இடம் என்று ஒரே வரி. ‘செர்பியாவிலேயே சிறந்த’ என்று அவர் சேர்க்கச் சொன்னதை அடித்தேன். யாரும் சிறந்ததைத் தேடவில்லை, பக்கத்தில் இருப்பதைத் தேடுகிறார்கள். எண்ணைத் தொட்டால் அழைப்பு போகும். வரைபடத்தில் அவர் வீட்டைச் சரியான இடத்தில் குறித்தோம். ஸ்லாவ்கா அக்கா ஆறு வருடம் ஜெர்மனியில் கோழியிறைச்சி ஆலையில் வேலைக்கு நின்றவர், ஜெர்மன் மொழிப் பக்கத்தை அவரே சொன்னார். நான் இலக்கணம் பார்க்கப் போனதும், “எதுக்கு? ரோட்டுல நிக்கிற துருக்கிக்காரனும் என்னை மாதிரிதான் பேசுவான்” என்று அதட்டினார். துருக்கிப் பக்கத்துக்குக் குல்தெனுக்கே எழுதினோம். அவர் திருத்திக் கொடுத்ததோடு, டோர்ட்முண்டில் தங்கள் துருக்கியர் சங்கத்தின் தளத்தில், ஊர்ப் பயணத்துக்கான குறிப்புகளில் வெலிபோரின் பக்கத்துக்கு ஒரு இணைப்பும் போட்டார். எல்லையில் இருக்கிற விடுதிக்காரனும் போட்டான். நம்பிக்கையானவர்கள் நாலு பேர் கைகாட்டினால் தேடுபொறியும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கும். விலைக்கு வாங்கிய நானூறு கைகாட்டலுக்கு அந்த மதிப்பு இல்லை.

மே ஆறாம் தேதி புனித ஜார்ஜ் நாள், வெலிபோர் வீட்டுக் குலப் புனிதரின் நாள். அன்று யாரையும் அழைக்க மாட்டார்கள், வருகிறவரைத் திருப்பி அனுப்பவும் மாட்டார்கள். ராங்கோ வந்தான். நல்ல கோட்டு, நல்ல ஒயின். மேசையின் தலைப்பக்கத்தில் அவனுக்குத்தான் இடம். புனித ரொட்டியை வெலிபோரோடு சேர்ந்து அவன்தான் பிடித்துத் திருப்பி உடைத்தான். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று வெலிபோர் வாசலிலேயே சொல்லியிருந்தார்.

ஆட்டிறைச்சி வந்த பிறகு வெலிபோர் அவன் கோப்பையை நிரப்பிக்கொண்டே கேட்டார், ஏதோ உப்பு கேட்பது போல.

“கூமே, அந்தப் பழைய சைட்டோட பேரை என் பேருக்கு மாத்திக் குடுத்துடேன். உன் பக்கத்துல இருக்கிற என் வண்டி போட்டோவையும் எடுத்துடு.”

ராங்கோ சிரித்தான். “கூமே, அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம். பேரு கம்பெனி பேக்கேஜ்ல இருக்கு. அல்கோரிதம் இப்ப...”

எனக்குத் தாங்கவில்லை. “அல்கோரிதமா? நீங்க உள்ள எழுதிவச்ச வரியை அல்கோரிதமா எழுதுச்சு?”

பக்கத்தில் இருந்தவர் ராங்கோவின் காதில் ஏதோ சொன்னார். ராங்கோ என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“இது யாரு? ஓ, தோப்லிட்ஸா மிளகாய்த் தோட்டத்துப் பட்டதாரி. தம்பி, உங்க ஊர்ல கரண்டு வந்து எத்தனை வருஷம் ஆச்சு?”

“வரி படிக்கிற அளவுக்கு வெளிச்சம் இருக்கு.”

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். ராங்கோ முகம் சிவந்தது. அவன் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அவன் கையை விரித்துச் சொன்னான்:

“சரிப்பா, எடுத்தேன். வண்டி போட்டோ நல்லா இருந்துச்சு. அந்த மஞ்சள், அந்தக் கயிறு, ஜனங்க நம்புறாங்க. பிசினஸ்தானே? கூமுக்குக் கோபமா? கூமுக்குக் கோபம் இல்ல.”

வெலிபோர் அவன் தட்டில் இன்னொரு துண்டு இறைச்சி வைத்தார். “சாப்பிடு” என்றார். அவ்வளவுதான். அன்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். நான் தோட்டத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், விட்டால் யாரையாவது அடித்திருப்பேன்.

“ஏன் அண்ணே சும்மா இருந்தீங்க?”

“இன்னிக்கு என் வீட்டுப் புனிதர் நாள். அதோட, இன்னிக்குக் கேட்டா பசியில கேட்ட மாதிரி இருக்கும். முதல்ல போன் அடிக்கட்டும்.”

ஜூன் கடைசிவரை அடிக்கவில்லை. புதுப் பக்கத்தைத் தேடுபொறி நம்ப நாளாகும் என்று எனக்குத் தெரியும், ஆனால் அந்த மனிதர் மேசைமேல் கைபேசியைக் குப்புறப் போடாமல் மல்லாக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைக் காணத்தான் முடியவில்லை. தேடல் முடிவுகளில் நாங்கள் ஏழாவது பக்கத்தில் இருந்தோம், பிறகு மூன்றாவதில். ஜூன் இருபத்தெட்டு காலை முதல் அழைப்பு. ஜெர்மன் எண். ஸ்லாவ்கா அக்கா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே பேசினார். ஜூலை இரண்டாம் வாரத்தில் வெலிபோர் உட்கார்ந்து சாப்பிட்டதாக நினைவில்லை. பாலத்தின் பெயரைச் சேர்த்துத் தேடுகிறவனுக்கு அவர் முதலில் வந்தார். மற்றவர்களுக்கு இரண்டாவது. முதலில் இன்னமும் ராங்கோதான். மஞ்சள் வண்டிப் படத்தை மூன்று முறை புகார் கொடுத்து எடுக்க வைத்தேன், மூன்று முறையும் வேறு கோணத்தில் போட்டான். நான்காவது புகாரும் தயாராக இருக்கிறது.

வண்டியை விற்கவில்லை. ஆகஸ்டு முதல் வாரத்தில் வ்ரானியே ஆளுக்குப் போன் செய்து இல்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் காலை வெலிபோர் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, ரக்கியா சாராயம் நிரப்பிய மரக்குடுவையைக் கையில் எடுத்துக்கொண்டார். என்னையும் கூட்டிக்கொண்டு மஞ்சள் வண்டியிலேயே நீஷுக்குப் போனார்.

அந்தக் குடுவையை எடுத்துக்கொண்டு ஒருவர் கூம் வீட்டுக்குப் போனால் கல்யாணத்துக்கு அழைக்கிறார் என்று அர்த்தம். மகள் யாகோதாவுக்கு அக்டோபரில் கல்யாணம். ராங்கோ அதைத்தான் எதிர்பார்த்தான். தன் அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து வந்து கட்டிக்கொண்டான்.

“எப்ப கூமே கல்யாணம்? நானே நிக்கிறேன், கவலைப்படாதே!”

வெலிபோர் குடுவையை நீட்டினார். அவன் ஒரு வாய் குடித்தான்.

“கல்யாணம் அக்டோபர்ல. நீ எங்களை விட்டுடணும்னு கேக்க வந்தேன். வேற கூம் பார்த்துக்கிறோம். உன் வாயால சொன்னாத்தான் முறை.”

கணினிகள் முன்னால் இருந்தவர்கள் தட்டுவதை நிறுத்தினார்கள். இதைக் கேட்பதைவிட ஒருவன் கன்னத்தில் அறைவது மரியாதை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மாலைக்குள் செய்தி இரண்டு ஊருக்கும் போய்விடும்.

“ஒரு வெப்சைட்டுக்காகவா கூமே? ஒரு வெப்சைட்டுக்காகவா?”

“வெப்சைட்டுக்கு இல்ல. படிச்ச தம்பி இருக்கான், அதைப் பார்த்துக்குவான். என் போன் ஏன் அடிக்கலைன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே ரெண்டு வருஷம் என் மேசையில உட்கார்ந்து, பொறுமையா இருன்னு எனக்குச் சொன்ன. அதுக்கு.”

ராங்கோ என்னைப் பார்த்தான். நான் முறைத்தேன். வெலிபோரைப் பார்த்தான், அங்கே முறைப்பு இல்லை, அதனால்தான் அவனால் அங்கே பார்க்க முடியவில்லை.

“விட்டேன்” என்றான், தரையைப் பார்த்து.

“சத்தமாச் சொல்லு. சாட்சி வேணும்.”

“விட்டேன்!”

வெலிபோர் குடுவையை வாங்கி அதன் வாயைத் துடைத்து மூடினார். படியில் இறங்கும்போது நான் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தேன். வழக்குப் போடலாம், பத்திரிகைக்கு எழுதலாம், அவன் தொழிலையே முடக்கலாம் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் கைபேசியைக் காதில் வைத்திருந்தார்.

“எந்தப் பக்கம் தண்ணித் தொட்டி தெரியுது?... சரி. புள்ளைங்களைத் தடுப்புக்கு அந்தாண்ட நிறுத்துங்க. ஒண்ணும் ஆகாது. வர்றேன்.”

பிறகு என்னைப் பார்த்து, “ஏறு தம்பி, ஏறு. அப்புறம் திட்டிக்கலாம்” என்றார்.